மௌனமான மடிக்கணினி: பழுதறிதலும் சிக்கனமும்

கணினி என்பது பெரும்பாலும் கண்ணால் படிக்கப்படும் கருவி என்ற கருத்து நெடுங்காலம் நிலவி வந்தது. கடந்த பத்தாண்டுகளில் இந்நிலை பெரிதும் மாறியுள்ளது. மத்திய அரசு 2017 ஜூலையில் தொடங்கிய ‘ஸ்வயம்’ திட்டத்தின் வாயிலாகக் கல்லூரிப் பாடங்கள் விரிவுரை வடிவில் மாணவர்களின் இல்லங்களுக்கே வந்து சேர்கின்றன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகக் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது, ஆசிரியரின் குரலை மாணவர் கேட்பதற்குக் கணினியும் கைபேசியும் முக்கிய வழிகளாயின. அரசு அலுவலகங்களிலும் ஆய்வுக் கூட்டங்கள் பல இன்று காணொலி வாயிலாகவே நடைபெறுகின்றன. இவ்வாறு செவிக்குரிய கருவியாகவும் மாறிவிட்ட மடிக்கணினி ஒரு நாள் திடீரென ஒலியின்றி நின்றுவிட்டால், அதன் பயனில் பெரும்பகுதி அன்றே நின்றுவிடுகிறது.

இத்தகைய நிலையில் மக்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர் ‘ஒலிபெருக்கி போய்விட்டது’ எனத் தாமே முடிவு செய்து கருவியை ஒதுக்கி வைக்கின்றனர். வேறு சிலர் முதலில் கண்ணில் படும் கடையில் கொடுத்து, அங்கே சொல்லப்படும் பாகத்தை, சில வேளைகளில் தாய்ப்பலகையையே, மாற்றிவிடுகின்றனர். ஒலிபெருக்கி இணையின் விலை பொதுவாகச் சில நூறு ரூபாயாக இருக்கலாம். தாய்ப்பலகையின் விலையோ பல ஆயிரம் ரூபாய். ஒலி வராமைக்குக் காரணம் ஒரு தவறான அமைப்பாக மட்டும் இருக்குமாயின், இவ்விரு செலவுகளும் வீணே. எனவே எந்தப் பாகத்தை மாற்றுவது என்ற கேள்விக்கு முன்னதாக, தடை எந்த இடத்தில் ஏற்பட்டுள்ளது என்ற கேள்வியை எழுப்புதல் வேண்டும். பழுதறிதலின் அடிப்படை இதுவே ஆகும்.

ஒலி பிறக்கும் வழி

மடிக்கணினியில் ஒலி பல படிகளைக் கடந்து வெளிப்படுகிறது. முதலாவதாக, பாடலையோ பேச்சையோ இயக்கும் மென்பொருள், எண்களாகப் பதிந்துள்ள ஒலியை இயக்க முறைமையிடம் ஒப்படைக்கிறது. இயக்க முறைமை எந்தக் கருவிக்கு அதனை அனுப்ப வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. ‘டிரைவர்’ எனப்படும் இடைநிலை மென்பொருள் அதனை வன்பொருளுக்குக் கொண்டு சேர்க்கிறது. தாய்ப்பலகையில் உள்ள ‘கோடெக்’ என்னும் சிறு சில்லு, எண்களை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுகிறது. இம்மின்னழுத்தம் வலுவற்றது, ஆதலால் ‘ஆம்ப்ளிஃபயர்’ எனப்படும் பெருக்கி அதனை வலுப்படுத்துகிறது. பின்னர் மெல்லிய கம்பிகளும் ஒரு சிறு செருகியும் அதனை ஒலிபெருக்கிக்கு எடுத்துச் செல்கின்றன.

ஒலிபெருக்கியின் அமைப்பு எளியது. நிலைக்காந்தம் ஒன்றின் இடைவெளியில், தலைமயிரினும் மெல்லிய கம்பியாலான சுருள் ஒன்று மிதக்கிறது. மின்னோட்டம் மாறும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது, அதனுடன் ஒட்டப்பட்ட மென்தகடு காற்றை அசைக்கிறது, அதுவே ஒலியாகிறது. செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் 1925 இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இவ்வமைப்புக்கு நிலையான வடிவம் தந்தது. 1980களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட நியோடிமியம் காந்தங்கள் சிறிய உருவில் மிகுந்த வலிமை உடையவை. ஒலிபெருக்கியை மடிக்கணினியின் மெல்லிய உடலுக்குள் அடக்க இவையே வழிசெய்தன. உருவம் சுருங்கினும் தத்துவம் மாறவில்லை.

இச்சங்கிலியின் கண்ணிகளுள் எது அறுந்தாலும் விளைவு ஒன்றுதான்: மௌனம். ஒலிபெருக்கி என்பது இவற்றுள் கடைசிக் கண்ணி மட்டுமே. அது மௌனமாக இருப்பதனாலேயே அதுதான் பழுதுற்றது என்று கொள்வது, குழாயில் நீர் வராதபோது குழாயையே குறை கூறுவதற்கு ஒப்பாகும். தொட்டியில் நீர் இல்லாதிருக்கலாம். இடையில் அடைப்பு இருக்கலாம். யாரேனும் அடைப்பானை மூடியும் வைத்திருக்கலாம்.

தடையின் இடத்தை அறிதல்

சங்கிலி முழுவதையும் ஒவ்வொரு கண்ணியாகச் சோதிக்க வேண்டியதில்லை. அதனை இரண்டாகப் பிரித்து, தடை எப்பாதியில் உள்ளது எனக் காண்பதே விரைவான முறை. இதற்குத் தேவைப்படுவது காதில் அணியும் சாதாரண ஒலிக்கருவி ஒன்றே. கைபேசியுடன் பயன்படுத்தும் ‘ஹெட்போன்’ போதுமானது.

மடிக்கணினியின் துளையில் ஹெட்போனைச் செருகிப் பார்க்க வேண்டும். அதில் ஒலி கேட்குமாயின், மென்பொருள், டிரைவர், கோடெக் ஆகியவை பெரும்பாலும் நன்னிலையில் உள்ளன என்று கொள்ளலாம். தடை அவற்றுக்கு அப்பால், துளையிலோ பெருக்கியிலோ கம்பியிலோ ஒலிபெருக்கியிலோ இருக்கும். ஹெட்போனிலும் ஒலி இல்லையேல், தடை முற்பாதியில் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அவ்வாறெனில் ஒலிபெருக்கியை மாற்றுவதால் எப்பயனும் விளையாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அண்மைக் காலத்து மடிக்கணினிகள் சிலவற்றில் பெருக்கி தனிச் சில்லாக அமைந்து, தனக்கென ஒரு டிரைவரை வேண்டி நிற்கிறது. அந்த டிரைவர் இல்லாதபோது ஹெட்போனில் ஒலி வரும், ஒலிபெருக்கியில் வராது. இயக்க முறைமையைப் புதிதாக நிறுவிய பின்னர் ஒலி நின்றுபோன கருவிகளில் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இரண்டாவது சோதனை, யுஎஸ்பி துளையில் செருகும் ஹெட்போனைக் கொண்டு செய்வது. அதனுள் தனியாக ஒரு கோடெக் உள்ளது. ஆகவே அது தாய்ப்பலகையின் ஒலிப்பகுதியைச் சார்ந்திராது. யுஎஸ்பியில் ஒலி வந்து சாதாரணத் துளையில் வராவிடில், இயக்க முறைமை பொதுவாகச் சரியாக உள்ளது. கோடெக் சில்லையோ அதன் டிரைவரையோ ஐயுற வேண்டும்.

மூன்றாவது சோதனை, இவ்வையத்தைத் தீர்த்து வைக்கும். பல லினக்ஸ் இயக்க முறைமைகளை வட்டில் நிறுவாமல், ஒரு பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்க இயலும். அவ்வாறு இயக்கும்போது ஒலிபெருக்கி பேசுமாயின் வன்பொருளில் குறையில்லை. வட்டில் உள்ள இயக்க முறைமையிலேயே குறை உள்ளது என்பது தெளிவாகும். சில நிறுவனங்களின் மடிக்கணினிகளில், இயக்க முறைமை தொடங்கும் முன்னரே ஒலிபெருக்கியைச் சோதிக்கும் வசதியும் உள்ளது.

செலவில்லாத திருத்தங்கள்

தடை முற்பாதியில் இருப்பதாகத் தெரிந்தால், எளியவற்றிலிருந்து தொடங்குதல் முறை. விசைப்பலகையின் மேல்வரிசையில் ஒலியை அடக்கும் விசை ஒன்று உள்ளது. கை தவறி அது அழுத்தப்பட்டிருக்கலாம். விண்டோஸ் இயக்க முறைமையில் பொதுவான ஒலியளவுடன், ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி ஒலியளவும் உண்டு. ஒரு மென்பொருளில் மட்டும் ஒலி இல்லையெனில் அங்கே பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒலி எங்கே அனுப்பப்படுகிறது என்பதைக் காண வேண்டும். கூட்ட அரங்கில் எச்டிஎம்ஐ கம்பியால் பெரிய திரையுடனோ புரொஜெக்டருடனோ மடிக்கணினியை இணைத்தால், ஒலியும் அவ்வழியே செல்லத் தொடங்குவது வழக்கம். கம்பியைக் கழற்றிய பின்னும் சில வேளைகளில் இவ்வமைப்பு மாறாது நிற்கும். பக்கத்து அறையில் உள்ள புளூடூத் ஹெட்போனுடன் கணினி தானாகவே இணைந்து, ஒலியை அங்கே அனுப்பிக்கொண்டிருப்பதும் உண்டு. வெளியீட்டுக் கருவிகளின் பட்டியலில் மடிக்கணினியின் ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுப்பதே இவற்றுக்குத் தீர்வு.

பட்டியலில் ஒலிபெருக்கியே காணப்படவில்லையாயின் டிரைவரைக் கவனிக்க வேண்டும். விண்டோஸின் கருவி மேலாளர் பகுதியில் ஒலிக் கருவியை நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கினால், அது பெரும்பாலும் தானே மறுபடி நிறுவப்படும். அதனாலும் பயனில்லையெனில், மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாதிரிக்குரிய டிரைவரைப் பெற்று நிறுவுதல் வேண்டும். ஊர் பேர் தெரியாத தளங்களிலிருந்து பெறுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். ஒரு புதுப்பிப்புக்குப் பின்னர் ஒலி நின்றிருந்தால், பழைய டிரைவருக்குத் திரும்பிச் செல்லும் வசதியும் அங்கேயே உள்ளது. பயோஸ் அமைப்பில் ஒலிக் கருவி முடக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்தல் தகும்.

சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ உள்ளிட்ட லினக்ஸ் முறைமைகளில் ‘ஆல்சாமிக்சர்’ என்னும் சிறு கருவி இப்பணிக்கு உதவுகிறது. அதில் ஒலிபெருக்கிக்குரிய பட்டையின் கீழ் எம் என்னும் ஆங்கில எழுத்து இரட்டையாகத் தோன்றினால், அது அடக்கப்பட்டுள்ளது என்று பொருள். அதே எழுத்துக்குரிய விசையை ஒருமுறை அழுத்தினால் விடுபடும். திரையில் காணும் பொது ஒலியளவு முழுமையாக இருந்தும் ஒலி வராத கருவிகளில், காரணம் இங்கே மறைந்திருப்பதுண்டு.

ஹெட்போன் துளையும் கவனத்திற்குரியது. ஹெட்போன் செருகப்பட்டதும் ஒலிபெருக்கி நின்றுவிட வேண்டும் என்பதற்காக, துளைக்குள் ஒரு நுண்ணிய தொடுமுனை அமைக்கப்பட்டுள்ளது. தூசியோ துருவோ அம்முனையைச் சிக்கவைத்துவிட்டால், ஒன்றும் செருகப்படாதபோதும் ஹெட்போன் இருப்பதாகவே கணினி கருதும். அந்நிலையில் ஒலிபெருக்கி குறையின்றி இருந்தும் பேசாது. கணினியை அணைத்துவிட்டு, ஹெட்போன் முனையைச் சில முறை மெல்லச் செருகி எடுத்தால் முனை விடுபடக்கூடும். ஊசி போன்ற உலோகப் பொருளால் துளையைக் குடைவது கூடாது.

திறப்பதற்கு முன்

மேற்கண்டவற்றால் பயனில்லாதபோதே கருவியைத் திறக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியவில்லையெனில் திறக்கவே கூடாது. நிறுவனத்தின் சேவை மையத்திடம் ஒப்படைப்பதே முறை. தாமே திறந்த கருவிக்கு உத்தரவாதம் மறுக்கப்படக்கூடும்.

திறப்பவர் மின்னூட்டியை முதலில் கழற்ற வேண்டும். பின்மூடியின் திருகாணிகள் நீளத்தில் வேறுபடும். நீளமான ஒன்றைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் அது தாய்ப்பலகையையே துளைத்துவிடலாம். எனவே அவற்றைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் வைத்தல் நலம். மூடியை நெம்புவதற்குப் பிளாஸ்டிக் தகடே ஏற்றது. உள்ளே முதல் வேலை, மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுவது. லித்தியம் மின்கலம் உப்பியிருப்பது கண்டால் பணியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உப்பிய மின்கலத்தை அழுத்துவதும் குத்துவதும் தீயை விளைவிக்கும். உடலில் தேங்கும் நிலைமின் சில்லுகளைக் கெடுக்கக்கூடுமாதலால், நிலத்துடன் தொடர்புள்ள உலோகப் பொருள் ஒன்றை முன்னதாகத் தொட்டுக்கொள்ள வேண்டும்.

கம்பிச்சுருளைச் சோதித்தல்

ஒலிபெருக்கிகள் பொதுவாக முன்விளிம்பின் இரு மூலைகளில் இருக்கும். அவற்றின் கம்பிகள் ஒரு சிறு செருகியில் சேர்ந்து தாய்ப்பலகையில் பொருந்துகின்றன. இச்செருகி தளர்ந்திருப்பதும் உண்டு. கீழே விழுந்த மடிக்கணினிகளிலும், வேறு பணிக்காக ஏற்கெனவே திறந்து மூடப்பட்டவற்றிலும் இதனை முதலில் பார்க்க வேண்டும். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் செருகியின் முனைகளில் பச்சைப் படிவு தோன்றலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த மென்தூரிகையால் அதனை நீக்கலாம். செருகியைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுத்தல் கூடாது. செருகியின் உடலையே பற்ற வேண்டும்.

செருகியில் குறையில்லையெனில் மல்டிமீட்டர் தேவைப்படும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இக்கருவியை மின்தடை அளக்கும் நிலையில் மிகச் சிறிய அளவுக்கு வைத்து, கழற்றிய செருகியில் ஓர் ஒலிபெருக்கிக்குரிய இரு முனைகளைத் தொட வேண்டும். ஒலிபெருக்கியின் முதுகில் 4 ஓம் அல்லது 8 ஓம் என அச்சிடப்பட்டிருக்கும். அளவீடு அதற்கு அண்மையில் இருந்தால் சுருள் அறுபடவில்லை. அளவீடே தோன்றாவிடில் சுருளோ கம்பியோ அறுந்துள்ளது. ஏறத்தாழச் சுழியம் எனக் காட்டினால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுள்ளது.

மல்டிமீட்டர் இல்லாத இடத்தில் 1.5 வோல்ட் சுவர்க் கடிகார மின்கலம் ஒன்றே போதும். இரு முனைகளையும் அதனுடன் ஒரு கணம் மட்டும் தொடவிட்டால், நல்ல ஒலிபெருக்கி ‘டக்’ என ஒலிக்கும். மென்தகடு அசைவதும் தெரியும். 4 ஓம் சுருளில் இதனால் பாயும் மின்திறன் அரை வாட்டைச் சற்றே தாண்டும். கண நேரத் தொடுகையால் கேடு விளையாது. ஆயினும் செருகி தாய்ப்பலகையில் பொருந்தியிருக்கும் நிலையில் இச்சோதனையைச் செய்தல் கூடாது.

இரு ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் அறுந்துபோவது அரிது. ஆகவே வலமும் இடமும் ஒருங்கே மௌனமானால், அவற்றுக்குப் பொதுவான செருகியையும் பெருக்கியையும் மென்பொருளையும் ஐயுற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மௌனமானால், அந்த ஒலிபெருக்கியையும் அதன் கம்பியையும் ஐயுற வேண்டும். முற்றிலும் நில்லாமல் கரகரப்பாக ஒலித்தால், மென்தகடு கிழிந்திருக்கலாம். அல்லது காந்தத்தால் இழுக்கப்பட்ட இரும்புத் துகள்கள் இடைவெளியில் சிக்கியிருக்கலாம்.

மாற்று ஒலிபெருக்கி வாங்கும்போது மடிக்கணினியின் மாதிரி எண்ணையும், பழைய ஒலிபெருக்கியில் உள்ள ஓம், வாட் அளவுகளையும் ஒப்புநோக்க வேண்டும். 8 ஓமுக்குப் பதிலாக 4 ஓம் பொருத்தினால் ஏறத்தாழ இருமடங்கு மின்னோட்டம் பாய்ந்து பெருக்கியைச் சூடேற்றும். 4 ஓமுக்குப் பதிலாக 8 ஓம் பொருத்தினால் ஒலி குறையும். டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு போன்ற சந்தைகளில், பயன்பட்ட கருவிகளிலிருந்து எடுத்த பாகங்களும் விற்கப்படுகின்றன. அவற்றை அங்கேயே மின்கலத்தால் சோதித்து வாங்குவது புத்திசாலித்தனம்.

சுருளும் செருகியும் நன்னிலையில் இருந்து, மென்பொருளிலும் குறையில்லையெனில், பெருக்கியோ கோடெக்கோ பழுதுற்றிருக்க வேண்டும். தேநீர் கொட்டிய கருவிகளில் இது நேரக்கூடும். இச்சில்லுகளை மாற்றுவதற்கு வெப்பக்காற்றுக் கருவியும் பழகிய கையும் தேவை. வீட்டில் முயல்வது தகாது. ஆயினும் சில்லை மட்டும் மாற்றத் தெரிந்த தொழிலாளி இருக்கையில், தாய்ப்பலகை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை என்பதை உரிமையாளர் அறிந்திருத்தல் நலம். அதுவும் இயலாவிடில், யுஎஸ்பி வழியாக இயங்கும் சிறு ஒலிக்கருவி ஒன்றைச் செருகி, மடிக்கணினியை மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

பழுது நேராமல் காப்பதற்கும் வழி உண்டு. சில இயக்கு மென்பொருள்கள் ஒலியளவை நூறு விழுக்காட்டுக்கு மேலும் உயர்த்த இடம் தருகின்றன. அந்நிலையில் ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு, சுருள் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. மெல்லிய சுருள் இவ்வெப்பத்தை நெடுநேரம் தாங்காது. வகுப்பறை முழுவதற்கும் கேட்க வேண்டுமெனில், வெளி ஒலிபெருக்கியை இணைப்பதே பொருத்தம்.

பார்வையற்றோருக்கு ஒலியே திரை

பார்வையுள்ளவருக்கு ஒலியில்லாத மடிக்கணினி குறையுள்ள கருவி. பார்வையற்றவருக்கோ அது இயங்காத கருவியே ஆகும். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள்களையே அவர்கள் சார்ந்துள்ளனர். ஆஸ்திரேலியாவில் 2006 இல் தொடங்கப்பட்ட ‘என்விடிஏ’ இலவசமாகக் கிடைப்பதாலும், தமிழ், இந்தி உள்ளிட்ட மொழிகளிலும் படிப்பதாலும் இந்திய மாணவர் பலருக்குத் துணைபுரிகிறது.

இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒலியைத் திருத்துவதற்குரிய அமைப்புகள் அனைத்தும் திரையில் உள்ளன. திரையை அறிவதற்கோ ஒலி தேவை. எனவே பார்வையற்றோர் பயிலும் நிலையங்களிலும் பணிபுரியும் அலுவலகங்களிலும் மேற்கூறிய சோதனைகளின் வரிசையை மாற்றிக்கொள்வது நன்று. கோடெக்கைச் சாராத யுஎஸ்பி ஹெட்போன் ஒன்றை முதலில் செருக வேண்டும். சங்கிலியின் முற்பகுதி நன்றாயிருந்தால், கருவி உடனே பேசத் தொடங்கும். ஒலி அப்புதிய கருவிக்குத் தானே மாறாவிடில் மட்டும், வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கப் பார்வையுள்ள ஒருவரின் உதவி ஒருமுறை தேவைப்படும். அதன் பின்னர் பயனாளரே எஞ்சிய சோதனைகளைச் செய்துகொள்ள இயலும். ஒவ்வொரு நிலையத்திலும் இத்தகைய ஹெட்போன் ஒன்று கையிருப்பில் இருத்தல் வேண்டும். தேர்வு நாளன்று அதன் மதிப்பு விலையைக் கொண்டு அளக்கத்தக்கதன்று.

அலுவலகங்களின் பொறுப்பு

அரசு அலுவலகங்களில் கருவிகள் பொதுப்பணத்தில் வாங்கப்படுகின்றன. 2017 ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், பயன்படாத பொருள்களைக் கழிவு செய்வதற்குரிய நடைமுறையை வகுத்துள்ளன. ஊழியரின் கவனக்குறைவால் ஒரு பொருள் பயனற்றதாகுமாயின் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. பயனற்றது என அறிவிப்பதற்கு முன்னர் உண்மையில் பழுது எங்கே உள்ளது எனச் சோதித்தறிவது, இவ்விதிகளின் நோக்கத்திற்கு இசைந்ததாகும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்யும்போது, ‘ஒலி வரவில்லை; பாகம் மாற்றப்பட்டது’ என்ற ஒற்றை வரி அறிக்கையை ஏற்காமல், எந்தச் சோதனையால் எந்தப் பாகம் பழுதெனக் கண்டறியப்பட்டது என எழுதித் தருமாறு கேட்கலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

கழிவாகும் கருவிக்கும் விதிகள் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஒரு நிதியாண்டில் குறிப்பிட்ட வகைக் கருவிகள் ஆயிரமேனும் பயன்படுத்தும் அமைப்பு பெருநுகர்வோர் ஆகும். அது தன் மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடமே ஒப்படைக்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024 இல் வெளியிட்ட உலக அறிக்கை ஒன்றின்படி, 2022 இல் உலகில் தோன்றிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன்; முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடு மட்டுமே. எஞ்சியதில் ஒரு பகுதி, பாதுகாப்புக் கருவிகள் இன்றி அமிலத்தையும் தீயையும் கொண்டு உலோகம் பிரிப்போரின் கைகளைச் சேர்கிறது. ஒரு செருகி தளர்ந்ததற்காக ஒரு மடிக்கணினி அவ்விடம் செல்வது, பொருளிழப்பு மட்டுமன்று. ஒரு தொழிலாளியின் உடல்நலத்திற்கு விளையும் கேடும் ஆகும்.

பழுதுபார்க்கும் உரிமை

பழுதறியும் அறிவு பயன் தருவதற்கு, பாகங்களும் தகவல்களும் கிடைக்க வேண்டும். மூடியைப் பசையால் ஒட்டிவிடுவதும், தனிக் கருவிகள் வேண்டும் திருகாணிகளைப் பயன்படுத்துவதும், உதிரிபாகங்களை விற்க மறுப்பதும் பழுதுபார்ப்போருக்கு இடையூறாக உள்ளன. இதனைக் கருத்திற்கொண்டு, நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24 ஆம் நாள், தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கென ஓர் இணையவாயில் தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் இதில் அடங்கும். சேவையில் குறை காணும் நுகர்வோர் 1915 என்னும் தேசிய உதவி எண்ணில் முறையிடலாம்.

இதன் தொடர்ச்சியாக, பொருள்களைப் பழுதுபார்க்கும் எளிமைக்கேற்ப மதிப்பெண் வழங்கும் குறியீடு ஒன்றை உருவாக்க அமைக்கப்பட்ட குழு, 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. முதற்கட்டமாகக் கைபேசிகளையும் டேப்லெட்டுகளையும் கருத்திற்கொண்ட அப்பரிந்துரையில், முதன்மையாகக் கருதப்பட வேண்டிய பாகங்களின் வரிசையில் மின்கலம், திரை ஆகியவற்றுடன் ஒலிபெருக்கியும் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. பொருளை வாங்கும்போதே, அதன் ஒலிபெருக்கியை எத்துணை எளிதில் மாற்றலாம் என்பதை வாங்குபவர் அறிய முடியுமாயின், தயாரிப்பாளரும் அதற்கேற்ப வடிவமைக்க முற்படுவர்.

திறனுடைய கைகளும் தேவை. 1950 முதல் நடைபெற்று வரும் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ், தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்னணுப் பணியாளர், கணினி வன்பொருள் பராமரிப்பு போன்ற பிரிவுகள் உள்ளன. ஒலியில்லாத மடிக்கணினி இம்மாணவர்களுக்குச் சிறந்த பயிற்சிப்பொருள். மென்பொருள், மின்னணுவியல், காந்தவியல், கைத்திறன் ஆகிய நான்கும் அந்த ஒரே கருவியில் சந்திக்கின்றன. அலுவலகங்களில் கழிவுக்காகக் காத்திருக்கும் கருவிகளை, உரிய விதிகளுக்கு உட்பட்டு இந்நிலையங்களின் பயிற்சிக்கு அளிப்பது குறித்து நிர்வாகங்கள் ஆராயலாம்.

நம் நாட்டில் வானொலிப் பெட்டியையும் தையல் இயந்திரத்தையும் மிதிவண்டியையும் பழுதுபார்த்துத் தலைமுறைகள் பயன்படுத்தின. அப்பழக்கம் வறுமையால் மட்டும் வந்ததன்று. பொருளின் உட்பகுதியை அறிந்திருந்ததாலும் வந்தது. மடிக்கணினியின் உட்பகுதியும் அறிய முடியாத மறைபொருள் அன்று. ஒரு ஹெட்போன், ஒரு பென்டிரைவ், ஒரு சிறு மின்கலம் ஆகியவற்றைக் கொண்டு, தடை எங்கே உள்ளது என்பதைப் பெரும்பாலும் அரைமணி நேரத்தில் கண்டுவிடலாம். அந்த அரைமணி நேரத்தைச் செலவிட்ட பின்னரே பணத்தைச் செலவிடுவது என்னும் பழக்கம் மாணவரிடமும் அலுவலரிடமும் வேரூன்றுமாயின், வீட்டுக்கும் அரசுக்கும் மிச்சமாவதுடன், மௌனமான பல கருவிகள் மீண்டும் பேசத் தொடங்கும்.